இரைச்சலின் சாட்சியம்

கேட்க விரும்புவதை ஒலி என்றும், கேட்க விரும்பாததை இரைச்சல் என்றும் பிரித்துக்கொள்வது மனித இயல்பு. வானொலியின் முன் அமர்ந்திருப்பவன் குரலையே தேடுகின்றான். குரலுக்கு இடையே வரும் சீறலும் படபடப்பும் அவனுக்கு இடையூறுகள். இயற்கையோ இத்தகைய பாகுபாட்டை அறியாது. குரலைக் கொண்டுவரும் அலையும் இரைச்சலைக் கொண்டுவரும் அலையும் ஒரே வானத்தின் ஊடாகவே வருகின்றன. தாம் வந்த வழியின் சுவடுகளை இரண்டுமே சுமந்து வருகின்றன. விஞ்ஞானிகள் இவ்வுண்மையை ஆய்வுகூடங்களிற் கண்டனர். வடமராட்சிக் கிராமம் ஒன்றில் பெரியவர் ஒருவரும் அவருடைய பேத்தியும் ஒரு சைக்கிளின் அருகே இருந்து அதனைக் கண்டனர்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாது போயிற்று. வானொலிக்கு வேண்டிய மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த விளக்கே வீடுகளின் வெளிச்சம். அக்காலத்தில் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தோடு டைனமோவைச் சேர்த்து, பெடலைக் கையாற் சுற்றி வானொலி கேட்கும் வழக்கம் குடாநாடெங்கும் பரவியது. பெரியவரின் வீட்டுத் திண்ணையிலும் அத்தகைய சைக்கிள் ஒன்று நின்றது. அயல்வீட்டு இளைஞன் ஒருவன் நான்கு இருவாயிகளை ஈயம் பற்றவைத்து, டைனமோவின் மின்னை வானொலிக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுத்திருந்தான். வேலியோரத்து முருங்கையில் இருந்து முற்றத்துத் தென்னை வரை இழுத்துக் கட்டிய செப்புக்கம்பியே அலைவாங்கி.

பெரியவர் இளைப்பாறிய தந்தி உத்தியோகத்தர். முப்பது ஆண்டுகள் மோர்ஸ் குறியீட்டின் குறிலையும் நெடிலையும் காதால் வாங்கிக் கையால் எழுதியவர். இரவு ஒன்பது மணிக்குப் பின் சிற்றலையில் வரும் இலண்டன் தமிழோசையைக் கேட்பதற்காக அயலவர் சிலர் அவ்வீட்டு முற்றத்திற் கூடுவர். பெடலைச் சுற்றும் பணி பேத்தியுடையது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. அவளுடைய தந்தை, அதாவது பெரியவரின் ஒரே மகன், கடல்நீரேரிக்கு அப்பால் வன்னியிற் சிறு பட்டினம் ஒன்றிலே கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞராக இருந்தார். கடிதங்கள் எப்போதாவது வந்தன. பல வாரங்கள் வராமலும் இருந்தன.

ஓர் இரவு செய்தியிற் குண்டுவீச்சுப் பற்றிய விபரம் வந்தது. வன்னியில் ஒரு பட்டினம் என்பது தெளிவாகக் கேட்டது. பட்டினத்தின் பெயர் வரவேண்டிய இடத்திற் குரல் மெல்ல அமிழ்ந்து, நீருக்கு அடியிற் பேசுவது போலாகி, இரண்டு மூன்று செக்கன்கள் முற்றாக மறைந்துபோயிற்று. மீண்டும் குரல் மேலெழுந்தபோது செய்தியாளர் வேறொரு செய்திக்குச் சென்றுவிட்டார்.

“என்ன பிள்ளை, கையை விட்டிட்டியே?” என்று பெரியவர் கத்தினார். அவர் அவ்வாறு கத்தியதை அயலவர் அதற்கு முன் கேட்டதில்லை.

“இல்லை அப்பு, நான் சுத்திக்கொண்டுதான் இருக்கிறன்” என்றாள் சிறுமி. எவரும் அவளை நம்பியதாகத் தெரியவில்லை. அயலவர் மௌனமாகக் கலைந்து சென்றனர். அன்றிரவு அவ்வீட்டில் எவரும் உறங்கவில்லை. பதினொரு நாட்களின் பின்னர் தந்தையின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. குண்டு விழுந்தது அயற்பட்டினத்தில் என்றும், தாம் நலமென்றும் அவர் எழுதியிருந்தார். வீடு பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தப் பதினொரு நாட்களையும் தன் கையின் தளர்ச்சியே வீட்டுக்குக் கொண்டுவந்தது என்ற குற்றச்சாட்டு மட்டும் சிறுமியின் நெஞ்சில் தங்கிவிட்டது. தான் கையை விடவில்லை என்பதை அவள் அறிவாள். ஆனால் குரல் அமிழ்ந்ததும் உண்மையே. அவ்வாறாயின் அதை அமிழ்த்தியது எது?

இக்கேள்விக்கு விடை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின் பின்னரே அவளுக்குக் கிட்டியது. கலைப்பீட மாணவியாகப் பல்கலைக்கழகம் சென்ற அவள், மழைநாள் ஒன்றில் நூலகத்தின் வேறொரு மூலையிற் புகுந்து, வானொலி அலைகளின் வரலாறு கூறும் நூல் ஒன்றைக் கையில் எடுத்தாள். கணிதம் நிறைந்த பக்கங்களை அவள் தாண்டிச் சென்றாள். எனினும் வரலாற்றுப் பகுதிகள் அவளை விடவில்லை. அவளுடைய கேள்வியை அவளுக்கு முன்னரே வேறு பலர் கேட்டிருந்தனர் என்பதை அப்பக்கங்களில் அவள் அறிந்தாள்.

1901 ஆம் ஆண்டு திசம்பர் 12 ஆம் நாள், இங்கிலாந்தின் கோண்வோலிலிருந்து அனுப்பப்பட்ட மூன்று புள்ளிகளை, அதாவது மோர்ஸ் குறியீட்டில் ஓர் எழுத்தை, அத்திலாந்திக்கின் மறுகரையில் நியூபவுண்லாந்திலே தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். ஒளியைப் போலவே நேர்கோட்டிற் செல்லவேண்டிய மின்காந்த அலை, வளைந்த பூமியின் மறுபுறம் சென்றது எவ்வாறு? மறு ஆண்டிலேயே அமெரிக்காவிற் கெனலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும், உயர்வானத்தில் மின்னைக் கடத்தும் படை ஒன்று இருந்து அலைகளை மீண்டும் கீழே திருப்புதல் வேண்டும் எனத் தனித்தனியே கருத்துரைத்தனர். அது கருத்தளவிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

கேம்பிரிட்ஜில் இருந்த எட்வேட் அப்பிள்டன், இலண்டன் ஒலிபரப்பு இரவில் ஏறியும் இறங்கியும் கேட்பதைக் கவனித்தார். பிறர் அதனை ஒலிபரப்பின் குறை என்றனர். நிலத்தை ஒட்டி நேரே வரும் அலையும் வானிலிருந்து திரும்பி வரும் அலையும் சந்தித்து, சில கணங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் சில கணங்களில் அழித்தும் விடுவதால் அவ்வேற்றவிறக்கம் உண்டாகலாம் என அவர் எண்ணினார். 1924 ஆம் ஆண்டின் இறுதியில் அவரும் பானெற்றும் போண்மவுத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச்செய்து, ஒக்ஸ்போட்டில் அவ்வேற்றவிறக்கங்களை எண்ணிக் கணக்கிட்டு, அலையைத் திருப்பும் படை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதை நிறுவினர். குரல் அமிழ்வதே வானத்திற் படை உண்டென்பதற்குச் சான்றாயிற்று. இத்துறை ஆய்வுகளுக்காக 1947 ஆம் ஆண்டிற் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அப்பிள்டனுக்கு வழங்கப்பட்டது.

அப்படை பிளாஸ்மா நிலையில் உள்ள வாயு. ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்கள் உயர்வானத்து அணுக்களில் இருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. பிரிந்த இலத்திரன்களும் எஞ்சிய அயன்களும் கலந்து நிற்பதே பிளாஸ்மா. ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்திற் பகல்வேளையில் ஒரு கன சென்றிமீற்றருக்குள் பத்து இலட்சம் அளவிலான கட்டற்ற இலத்திரன்கள் இருக்கக்கூடும். அலை அங்கு புகும்போது அவ்விலத்திரன்கள் அனைத்தும் அதன் தாளத்துக்கு ஆடுகின்றன. அவற்றின் ஆட்டம் அலையை வளைத்துப் பூமிக்குத் திருப்புகின்றது.

இவ்வளவே எனில் விடயம் எளிது. ஆனால் அந்தப் பிளாஸ்மா பூமியின் காந்தப்புலத்தினுள் அகப்பட்டு நிற்கின்றது. காந்தப்புலத்தில் உள்ள இலத்திரன் செக்கிற் பூட்டிய மாட்டை ஒத்தது. காந்தவிசைக் கோட்டின் வழியே அது தடையின்றி ஓடலாம். கோட்டுக்குக் குறுக்கே போக முயன்றால், ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை என்ற அளவிலே கோட்டைச் சுற்றிச் சுழலவே முடியும். ஆகவே அப்பிளாஸ்மாவினுள் எல்லாத் திசைகளும் சமமல்ல. வலமாகச் சுழல்வதும் இடமாகச் சுழல்வதும் சமமல்ல. இத்தகைய ஊடகத்திற் புகும் ஓர் அலை ஒன்றாகவே செல்லமுடியாது இரண்டாகப் பிரிகின்றது. சாதாரண அலை என்றும் அசாதாரண அலை என்றும் அவை வழங்கப்படும். இரண்டின் வேகமும் வேறு, வளையும் பாதையும் வேறு. அப்பிள்டனும் அவர்காலத்து ஆய்வாளரும் 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் இதன் கணிதத்தை வகுத்து, பிரிந்த இரு எதிரொலிகளையும் கருவியிற் கண்டனர்.

ஒரே வாயிலிருந்து புறப்பட்ட ஒரே சொல் வானத்தில் இரண்டாகப் பிரிந்து, இரு வழியே வந்து, முருங்கைக்கும் தென்னைக்கும் இடையே கட்டிய ஒரே கம்பியில் மீண்டும் சேர்கின்றது. இரண்டும் ஒத்த நிலையிற் சேர்ந்தாற் குரல் ஓங்கும். எதிர்நிலையிற் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். வானத்துப் படை அசையாது நிற்கும் கூரையும் அன்று. ஆதலால் ஓங்கலும் அமிழ்தலும் மாறி மாறி வந்தபடியே இருக்கும்.

இதனோடு இன்னொரு காரணமும் உண்டு. காந்த மத்திய கோடு இலங்கையின் வடபகுதிக்கும் தென்னிந்திய முனைக்கும் அருகாகச் செல்கின்றது. 1963 ஆம் ஆண்டில் இந்தியா தனது முதலாவது ஆய்வு உந்துகணையைத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவியதற்கு, அவ்விடம் அக்கோட்டை அண்மித்திருந்தமையே காரணம். அக்கோட்டை அண்டிய வானத்தில், ஞாயிறு மறைந்து சில மணிநேரத்துக்குள், பிளாஸ்மா குழம்பிவிடுவது உண்டு. அடர்த்தி குறைந்த பகுதிகள் கீழிருந்து குமிழிகளைப் போல மேலெழுந்து, காந்தவிசைக் கோடுகளின் வழியே நீண்டு பரவுகின்றன. அவற்றின் ஊடாக வரும் அலை சிதறி நடுங்கும். இரவு ஒன்பது மணி என்பது அக்குழப்பத்துக்குரிய வேளை. இருளில் மக்கள் செய்தி கேட்கக் கூடிய அதே வேளையில் அவர்களின் தலைக்கு மேல் வானமும் கொந்தளிக்கக்கூடியதாக இருந்தது.

குரலை அமிழ்த்தியது பதினொரு வயதுச் சிறுமியின் கை அன்று என்று சொல்வதற்கு இவை போதுமா? போதா. கையும் தளர்ந்திருக்கலாம் அல்லவா? இங்கேதான் இரைச்சல் சாட்சிக்கு வருகின்றது. வரும் அலை வலுக்குன்றும்போது வானொலிப் பெட்டி தானாகவே தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆதலால் வானத்தின் காரணமாகக் குரல் அமிழ்ந்தால் இரைச்சல் அமிழாது. மாறாக ஓங்கிக் கேட்கும். டைனமோ தளர்ந்தாலோ பெட்டியின் உயிரே குன்றும். குரலும் இரைச்சலும் ஒருங்கே தாழும். அன்றிரவு குரல் மறைந்த அந்த இரண்டு மூன்று செக்கன்களில் முற்றத்தை நிறைத்தது எது என்பதை அவள் நினைவுகூர்ந்தாள். மௌனம் அன்று, மழை பெய்வது போன்ற பெரும் சீறல். குரலைக் கேட்கக் கூடியிருந்த அனைவரும் அதனைக் கேட்டனர். ஒருவரும் அதனைக் கவனித்திலர்.

இரைச்சலைக் கவனித்தவர்களின் கதை அந்நூலில் அடுத்த அத்தியாயமாக இருந்தது. முதலாம் உலகப்போரின்போது ஜேர்மனியப் பௌதிகவியலாளர் பார்க்கவுசன், எதிர்ப்படையின் களத் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்பதற்காக நிலத்தில் உலோகமுனைகளை ஊன்றிப் பெருக்கியை இணைத்தபோது, விநோதமான ஒலி ஒன்று குறுக்கிட்டது. உச்சத்தொனியில் தொடங்கி, ஓரிரு செக்கன்களில் அடித்தொனிக்கு வழுக்கி இறங்கும் ஒரு சீழ்க்கை. எறிகணைகள் பறக்கும் ஒலி எனப் போர்முனைச் சிப்பாய்கள் பேசிக்கொண்டனர். பார்க்கவுசன் 1919 இல் அதனைப் பற்றி எழுதினார். 1935 இல் எக்கஸ்லி அதற்கு ஒரு கணித விளக்கம் தந்தார். மின்னல் ஒன்று பிறப்பிக்கும் எல்லா மீடிறன்களும் ஒரே கணத்திற் புறப்படுகின்றன. காந்தப்புலம் கொண்ட பிளாஸ்மாவில் உயர்ந்த மீடிறன் முந்தியும் தாழ்ந்தது பிந்தியும் வருவதால் ஒரு வெடிப்பு ஒரு சீழ்க்கையாக நீள்கின்றது. ஆனால் அவ்வளவு நீளுவதற்கு அலை எவ்வளவு தூரம் சென்றிருத்தல் வேண்டும்? எங்கு சென்றிருத்தல் வேண்டும்?

1950களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்தில், இருபதுகளின் நடுவில் இருந்த ஸ்ரோரி என்ற ஆய்வு மாணவர் இச்சீழ்க்கைகளைக் கேட்கத் தொடங்கினார். சில சீழ்க்கைகளுக்கு முன்னர் மின்னலின் ‘டக்’ என்ற ஒலி கேட்டது. சிலவற்றுக்கு முன்னர் அவ்வொலி இல்லை. ‘டக்’ ஒலியைத் தொடர்ந்த சீழ்க்கைகள் மற்றவற்றைப்போல இருமடங்கு நீண்டு இழுபட்டன. இச்சிறு வேறுபாட்டில் இருந்து அவர் முழுக்கதையையும் விரித்தார். காந்தவிசைக் கோட்டைப் பற்றிக்கொண்டு மேலெழும் அலை, பெரும் வில்லாக வளைந்து, மத்திய கோட்டைக் கடந்து, மறு அரைக்கோளத்தில் இறங்குகின்றது. அங்கு தெறித்து, வந்த வழியே திரும்புகின்றது. அருகில் மின்னியதன் சீழ்க்கை போய்த் திரும்பியது, எனவே இருமடங்கு. மறு அரைக்கோளத்தில் மின்னியதன் சீழ்க்கை ஒருவழியே வந்தது, எனவே ஒருமடங்கு.

அவ்வாறாயின் அவ்வழி நெடுகிலும் பிளாஸ்மா இருத்தல் வேண்டும். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும் கன சென்றிமீற்றருக்குச் சில நூறு இலத்திரன்கள் உள்ளன என ஸ்ரோரி 1953 இற் கூறினார். ஏறத்தாழ வெறுமை என்று கருதப்பட்ட வெளி அது. முதலாவது செயற்கைக்கோள் 1957 இலேயே பறந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, நிலத்தில் இருந்தபடி, பிறர் இடையூறு எனத் தள்ளிய ஒலியைக் கேட்டு ஒரு மாணவர் அவ்வெளியை அளந்தார். 1950களின் நடுப்பகுதியில் அலாஸ்காவை அடுத்த உனலஸ்காத் தீவிலும், காந்தவிசைக் கோட்டின் மறுமுனையை அண்டிய நியூசிலாந்தின் வெலிங்டனிலும் ஒரே சீழ்க்கைகள் பதிவாகி, அவருடைய கூற்றுக்கு வலுச்சேர்த்தன. 1979 இல் வொயேஜர் விண்கலம் வியாழனை நெருங்கியபோது அங்கும் இத்தகைய சீழ்க்கைகள் கேட்டன. அக்கோளிலும் மின்னல் உண்டென்பதற்கு அவை சான்றுகளாயின.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. காந்தப்புலம் இல்லாவிடின் அத்தகைய தாழ்ந்த மீடிறன் அலை பிளாஸ்மாவினுள் நுழையவே முடியாது, வாயிலிலேயே திருப்பப்பட்டுவிடும். இலத்திரன்களைக் கட்டிவைக்கும் அதே காந்தப்புலமே அலைக்கு வழிதிறந்து கொடுக்கின்றது. ஆயினும் இச்சீழ்க்கை யாழ்ப்பாணத்தில் நிலத்தில் இருந்து கேட்பதற்கு உரியதன்று. காந்த மத்திய கோட்டருகே விசைக்கோடுகள் ஏறத்தாழக் கிடையாகவே செல்கின்றன. ஏறிச்செல்ல அங்கு வில் இல்லை. மின்னலும் இடியும் மிகுந்த வானம் அது. அம்மின்னல்கள் வானொலியில் வெறும் படபடப்பாகவே வந்தன.

2002 ஆம் ஆண்டு கண்டி வீதி மீண்டும் திறக்கப்பட்டபின், விடுமுறைக்கு ஊர் சென்ற அவள், தான் படித்ததைப் பெரியவருக்குச் சொல்ல எண்ணினாள். அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. காதும் மந்தமாகியிருந்தது. வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பழைய சைக்கிள் மாட்டுக்கொட்டிலிற் கிடந்தது. அவள் உரத்த குரலில் அலை இரண்டாகப் பிரிவதைச் சொன்னாள். மாலைக்குப் பின் வானம் குழம்புவதைச் சொன்னாள். பின்னர், பத்து ஆண்டுகளாகச் சொல்ல இருந்ததைச் சொன்னாள்.

“அண்டைக்கு நான் கையை விடேல்லை அப்பு.”

பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“அது எனக்கு அப்பவே தெரியும் மோனை” என்றார். “முப்பது வருஷம் காதாலை உழைச்சவன். குரல் போகேக்கை இரைச்சல் குறையேல்லை. அது எனக்கு விளங்காதே?”

“பிறகேன் என்னை ஏசினீங்கள்?”

“வானத்தோடை கோவிக்க ஏலுமே? நீதான் பக்கத்திலை இருந்தாய்.”

அவள் மறுமொழி கூறவில்லை. சினம் கொள்வதற்கு உரிய இடம் அது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாற் சினம் வரவில்லை. அன்றிரவு பெரியவர் கத்தியதையும் அவள் இத்தனை காலம் இரைச்சல் என்றே தள்ளி வைத்திருந்தாள். அதுவும் தான் வந்த வழியைச் சுமந்தே வந்தது. ஒரே மகனின் ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் சீறலைக் கேட்ட ஒருவரின் அச்சம், நெடுந்தூரம் இழுபட்டு, உருத்திரிந்து, அருகில் நின்ற குழந்தையிடம் அதட்டலாக வந்து சேர்ந்தது. புறப்பட்ட இடத்தில் அது அதட்டலாக இருக்கவில்லை.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தோடு நிறைவெய்தியது. சிற்றலைப் பெட்டியின் முன் கூடியிருக்கும் முற்றங்கள் இன்று அருகிவிட்டன. இன்றைய செய்திகள் அமிழ்வதுமில்லை, சீறுவதுமில்லை. ஆயினும் வானத்துப் படை ஞாயிற்றோடு விழித்து, மாலையிற் கலங்கி, தன்னைக் கடக்கும் ஒவ்வோர் அலையிலும் தன் சுவட்டைப் பதித்தபடியே இருக்கின்றது. செய்தி எது, இரைச்சல் எது என்று தீர்ப்பளிப்பதற்கு முன், அது எங்கிருந்து புறப்பட்டு எதனைக் கடந்து வந்தது என்று ஒருகணம் செவிசாய்ப்பது வானொலிக்கு மட்டும் உரிய ஒழுக்கம் அன்று.